வில்மாண்டில் ஒரு பொன்னாடை

ஜனவரி 6, செவ்வாய்

அரசி வேலை பார்க்கும் ஆஸ்பத்திரியில் புது வருஷத்துக்கு டைரி கொடுத்தார்களாம். என்னிடம் தந்து, "எதையாவது எழுதுங்க மாமா, பொழுது போகும்" என்றாள். எனக்குப் பொழுது போகாமல் இல்லை. இருந்தாலும் பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

நான் எட்டாம் வகுப்பு வரைதான் படித்தேன். ஆனால் அது அந்தக் காலத்து எட்டாம் வகுப்பு. என் கையெழுத்தை அச்சு என்று நினைத்து விரலால் தடவிப் பார்த்தவர்கள் அருப்புக்கோட்டையில் இன்றும் இருக்கிறார்கள். சோலை சவுண்ட் சர்வீஸ் சோலையப்பன் என்றால் மதுரை வரைக்கும் தெரியும். என் மைக்கில் பேசாத தலைவர் கிடையாது. சில பேர் பேசும்போது மறந்ததை நான் பின்னாலிருந்து எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

அரசி என் அக்கா மகள். அக்கா இப்போது இல்லை. அரசியின் புருஷன் விவாகரத்து வாங்கிக்கொண்டு டெக்சாஸ் பக்கம் போய்விட்டான். இவள் நர்ஸ், பகலும் இரவும் மாறி மாறி வேலை. பத்து வயது ஓவியா மூன்று மணிக்குப் பள்ளிக்கூடம் விட்டு வந்தால் வீட்டில் ஆள் வேண்டும். அதற்காக அமெரிக்கா என்னை வரவழைத்திருக்கிறது. மார்ச் கடைசியில் திரும்ப டிக்கெட். இன்னும் ஆறு மாதம் நீட்டிக்க மனு போடலாம் என்று நானே விசாரித்துச் சொன்னேன். அரசி "பார்க்கலாம் மாமா" என்றாள். பார்க்கலாம் என்றால் செய்வாள்.

நெப்ராஸ்காவில் வில்மாண்ட் என்ற இந்த ஊரில் ஒரு தெரு, ஒரு பெட்ரோல் பங்க், ஒரு காபிக் கடை, ஒரு பள்ளிக்கூடம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் காருக்குள்ளேயே உட்கார்ந்து பிள்ளைகளைக் கூப்பிட்டுக்கொள்வார்கள். நான் மட்டும்தான் பனியில் இறங்கி வாசலில் நிற்கிறேன். எனக்குக் குளிர் ஏறாது. இன்று ஓவியா, "மாமா, நீங்க அந்த மரத்துகிட்ட நில்லுங்களேன்" என்றாள். மரத்தடியில் காற்று குறைவு என்று பிள்ளைக்கு அக்கறை. அவள் அம்மா கூப்பிடுவதைக் கேட்டு அவளும் என்னை மாமா என்றே கூப்பிடுகிறாள். உறவு முறைப்படி நான் தாத்தா. பார்க்க அப்படித் தெரியாததால் நானும் திருத்தவில்லை.

ஜனவரி 9, வெள்ளி

மகன் போன் பண்ணவில்லை. மதுரையில் டவர் வேலை நடக்கிறது போலிருக்கிறது.

ஜனவரி 12, திங்கள்

பள்ளிக்கூட போர்டு கூட்டத்துக்குப் போனோம். ஐந்து பேர் கொண்ட போர்டு. ஊர்க்காரர்கள் வாக்களித்துத் தேர்ந்தெடுத்தவர்கள். கூட்டம் பள்ளிக்கூடத்து விளையாட்டு அரங்கில். மைக் செட் சுத்த மோசம். ஓயாமல் விசில் அடித்தது. நான் எழுந்து போய் சரிசெய்து கொடுத்தேன். அதற்குப் பிறகு விசில் கொஞ்சம் கூடியது, அது பழைய மிஷின்.

விஷயம் இதுதான். படிப்பு முறையையே மாற்றப் போகிறார்களாம். வில்மாண்ட் பள்ளிக்கூடத்தை மூடிவிட்டு, எல்லாப் பிள்ளைகளையும் பஸ்ஸில் ஏற்றி, முப்பது மைல் தள்ளி ஹேஸ்டனில் கட்டியிருக்கும் பெரிய பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்று ஒரு தரப்பு. அங்கே வாரத்துக்கு நாலு நாள்தான் பள்ளி. பாட்டு, லேப், பட்டறை எல்லாம் உண்டு. இங்கே ஒரே டீச்சர் இரண்டு வகுப்புப் பிள்ளைகளை ஒரு அறையில் வைத்துக்கொண்டு திண்டாடுகிறார். இன்னொரு தரப்பு, பள்ளிக்கூடம் போனால் ஊரே போய்விடும், மூடக்கூடாது என்கிறது. போர்டில் இரண்டு பேர் மூடு, இரண்டு பேர் மூடாதே. ஐந்தாவது ஆள் டோரதி ஹால்வர்சன். வெள்ளை முடி, எழுபது தாண்டிய அம்மாள், இதே பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் வாயே திறக்கவில்லை. ஆனால் அவர் கட்டிக் காத்த பள்ளிக்கூடத்தை அவரே மூடுவாரா என்று எல்லோரும் நம்பிக்கையாக இருக்கிறார்கள்.

பேச விரும்புகிறவர்களுக்கு ஆளுக்கு மூன்று நிமிஷம். மணி வைத்திருக்கிறார்கள். நம் ஊரில் மூன்று நிமிஷத்தில் மேடையில் இருப்பவர்களுக்கு வணக்கம்கூடச் சொல்லி முடிக்க முடியாது.

ஓவியாவின் டீச்சர் கிரெக்கும் வந்திருந்தார். நல்ல உயரம், நல்ல மனுஷன். உட்கார இடம் இல்லாததால் அரசிக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அரங்கத்தில் பாதி நாற்காலி காலிதான், ஆனாலும் அவை எல்லாம் தூரத்தில் இருந்தன.

காரில் வரும்போது அரசி சொன்னாள்: "ஸ்கூல் அங்க போயிட்டா எனக்கும் ஹேஸ்டன் ஆஸ்பத்திரியில பகல் டூட்டி கெடைக்கும் மாமா. ஓவி பஸ்ல வர்றதுக்குள்ள நான் வீட்டுக்கு வந்துருவேன்."

"அப்ப மூணு மணிக்கு ஆள் வேணாம்" என்றேன்.

"அப்படிச் சொல்லல மாமா."

அவள் அப்படிச் சொல்லவில்லைதான். பேச்சுக்குச் சொன்னாள். இந்தப் பள்ளிக்கூடத்தை மூடக்கூடாது என்று முடிவு செய்துவிட்டேன். முழுக்க முழுக்கப் பிள்ளையின் படிப்புக்காக.

ஜனவரி 15, வியாழன்

பொங்கல். கரண்ட் அடுப்பில் பானையை ஏற்றினேன். பொங்கி வரும் நேரத்தில் அடுப்பு தானாக அணைந்துவிட்டது; கூரையில் இருந்த புகை மணி அலறியது. ஓவியா தலையணையால் விசிறினாள். "பொங்கலோ பொங்கல்" என்று நான் சொன்னது மணிச் சத்தத்தில் யாருக்கும் கேட்கவில்லை. அமெரிக்காவிலேயே முதன்முதலாகச் சங்கு ஊதிக் கொண்டாடிய பொங்கல் இதுவாகத்தான் இருக்கும் என்று ஓவியாவிடம் சொன்னேன்.

கிரெக் சிங்க் பார்க்க வந்தார். இந்த மாதத்தில் மூன்றாவது தடவை. அதில் என்ன கோளாறு என்று எனக்குப் பிடிபடவில்லை. நான் பார்க்கும்போதெல்லாம் தண்ணீர் நன்றாகத்தான் போகிறது. வந்தவர் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். முந்திரியைப் பொறுக்கி அரசி தட்டில் வைத்தார். அவருக்கு முந்திரி ஆகாது போலிருக்கிறது.

ஜனவரி 18, ஞாயிறு

டோரதியம்மாவைப் போய்ப் பார்த்தேன். பதவியில் இருப்பவரைப் பார்க்கப் போகும்போது கையை வீசிக்கொண்டு போகக்கூடாது. இங்குள்ளவர்களுக்கு இந்த நாகரிகம் தெரியவில்லை. என் பெட்டியில் ஒரு கட்டுப் பொன்னாடை கொண்டு வந்திருந்தேன், எங்கே எப்போது தேவைப்படுமோ என்று. சிவப்பில் மஞ்சள் ஜரிகை போட்டதாக ஒன்றை உருவினேன். ஒரு தட்டில் ஆப்பிள், ஆரஞ்சு. ஓவியாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டேன்.

கதவைத் திறந்தவர் பேசுவதற்குள் போர்த்திவிட்டேன். அதுதான் முறை. யோசிக்க விட்டால் வேண்டாம் என்பார்கள். அந்தம்மாள் திகைத்துப்போய் நின்றார். பிறகு குனிந்து ஜரிகையைப் பார்த்து, "அழகாக இருக்கிறதே, போர்டில் இருக்கும் நான் இதை வாங்கிக்கொள்ளலாமா?" என்றார். "பள்ளிக்கூடம்" என்றேன். "பிள்ளைகள்" என்றேன். இரண்டு கையையும் கூப்பினேன். இதற்கு மேல் இங்கிலீஷ் தேவைப்படவில்லை. அப்படியே நிற்க வைத்து ஓவியாவை என் போனில் படம் எடுக்கச் சொன்னேன்.

"மாமா, இது அவங்களுக்கு ஒரு மாதிரி இருக்கு" என்றாள் ஓவியா தமிழில்.

"சந்தோஷம் தாயி. பெரிய சந்தோஷம் வந்தா ஆளுக ஒரு மாதிரிதான் இருப்பாங்க."

ஜனவரி 20, செவ்வாய்

பொன்னாடை போர்த்தினால் படம் பேப்பரில் வரவேண்டும். வராவிட்டால் போர்த்தாதது மாதிரிதான். இந்த ஊருக்கென்று வாரம் ஒரு பேப்பர் வருகிறது. போய்ப் படத்தைக் காட்டினேன். ஆபீசில் இருந்த பெண், "என்ன துணி இது?" என்று கேட்டாள்.

சாதாரணமாகத்தான் ஆரம்பித்தேன். ஜரிகை என்றேன். தங்கமா என்றாள். தங்கம் என்றேன். கையால் நெய்ததா என்றாள். ஆறு பேர் ஒரு வருஷம் என்றேன். மந்திரிகளுக்கு மட்டுமே போர்த்துவது என்றேன். விலை கேட்டாள். இரண்டாயிரம் டாலர் என்று வாயில் வந்தது. கேட்டவள் கண் விரிந்தது. எதிராளி கண் விரியும்போது நிறுத்த எனக்குத் தெரியாது.

ஜனவரி 22, வியாழன்

முதல் பக்கம். படத்தில் நான் நன்றாக விழுந்திருக்கிறேன். டோரதியம்மா கொஞ்சம் கண்ணை மூடிவிட்டார்.

அரசி பேப்பரைப் படித்துவிட்டு மடித்து மேசையில் வைத்தாள். "தங்கமா மாமா?" என்றாள். நான் வெளியே பனி தள்ளப் போய்விட்டேன்.

ஜனவரி 27, செவ்வாய்

காபிக் கடையில் நாலு பேர் தொப்பியைத் தொட்டு "அங்கிள்" என்றார்கள். காபிக்குக் காசு வாங்கவில்லை. இல்லை, வாங்கினார்கள். ஆனால் வாங்க யோசித்தார்கள்.

மகனுக்கு அந்தப் படத்தை அனுப்பினேன். நீல டிக் விழுந்தது. வேலையில் இருப்பான்.

பிப்ரவரி 9, திங்கள்

இன்றைய கூட்டத்தில் ஓட்டெடுப்பு நடந்திருக்க வேண்டும். போர்டின் வக்கீல் எழுந்து பேப்பரைக் காட்டினார். முடிவெடுக்கும் இடத்தில் இருப்பவர், அதில் அக்கறை உள்ள ஒருவரிடமிருந்து இவ்வளவு விலையுள்ள பரிசை வாங்கியிருந்தால், அந்த விஷயத்தில் ஓட்டுப் போட முடியாதாம். அது விலையுள்ள பரிசுதானா, மலிவான பொருளா என்று தெரியும்வரை டோரதியம்மா ஒதுங்கியிருக்க வேண்டுமாம். ஓட்டெடுப்பை மார்ச் 9-க்குத் தள்ளி வைத்துவிட்டார்கள்.

டோரதியம்மா நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். கழுத்து வரைக்கும் சிவந்துவிட்டது. வெள்ளைக்காரர்களுக்குத் தோல் அப்படி.

எனக்கு முதலில் திக்கென்றது. மூடாதே என்று விழ வேண்டிய ஓட்டு என்னால் போச்சே என்று. கிரெக்தான் விளக்கினார். அந்தம்மாள் இல்லாவிட்டால் இரண்டுக்கு இரண்டு. சமமாக வந்தால் மூடும் தீர்மானம் தோற்றதாகக் கணக்கு. பள்ளிக்கூடம் அப்படியே இருக்கும்.

அதாவது என் பொன்னாடை பள்ளிக்கூடத்தைக் காப்பாற்றிவிட்டது.

பிப்ரவரி 10, செவ்வாய்

காபிக் கடையில் இன்று உண்மையிலேயே காசு வாங்கவில்லை. டிராக்டர் ஓட்டும் ஒரு பெரியவர் என் முதுகில் தட்டி, "எந்தப் பக்கம் போவாளோ என்றிருந்த கிழவியை ஒரு துணியால் கட்டிப்போட்டுவிட்டாயே" என்று சொல்லிச் சிரித்தார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். இத்தனை பேர் நடுவில் உட்கார்ந்து வெகு காலம் ஆயிற்று.

பிப்ரவரி 14, சனி

ஆஸ்பத்திரி ஆட்களோடு சாப்பாடு என்று அரசி பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு புறப்பட்டாள். கிரெக் வண்டியில் வந்து அழைத்துப் போனார். அவருக்கும் அந்தப் பக்கம் ஏதோ வேலையாம். மற்ற ஆஸ்பத்திரி ஆட்கள் நேராக அங்கே வந்திருப்பார்கள்.

ஓவியாவுக்குத் தோசை ஊற்றிக் கொடுத்தேன். "ஸ்கூலை மூட மாட்டாங்க, மாமா பாத்துக்கிட்டேன்" என்றேன். அவள் தோசையைப் பிய்த்து வைத்துக்கொண்டே இருந்தாள்.

"எங்க கிளாஸ்ல நாலு பேருதான் மாமா. நான் மட்டும்தான் கேர்ள்."

"அப்ப நீதான் ராணி."

"லஞ்ச் டைம்ல நான் லைப்ரரி மிஸ்கூட உக்காருவேன். அவங்க நல்லவங்க. ஆனா அவங்க சாப்பிடுறப்ப பேச மாட்டாங்க."

"நீ பேச வேண்டியதுதான?"

"என்ன பேசுறது? அவங்க பெரியவங்க." பிறகு சொன்னாள்: "புது ஸ்கூல்ல என் வயசுல அறுபது பேர் இருக்காங்களாம். கிரெக் சொன்னார். வயலின் குடுப்பாங்களாம்."

டீச்சரைப் பேர் சொல்லிக் கூப்பிடக்கூடாது என்று கண்டித்தேன். பிறகு சிவகாசிக் கூட்டத்தில் மழை வந்தபோது தலைவருக்கு நான் குடை பிடித்த கதையைச் சொன்னேன். "போன தடவை அது ராஜபாளையம்" என்றாள். தோசை ஆறிவிட்டது.

பிப்ரவரி 18, புதன்

பகல் பதினொரு மணி இருக்கும். வாசல் மணி அடித்தது. டோரதியம்மா. பொன்னாடையைத் துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு பையில் வைத்துக் கொண்டு வந்திருந்தார். இஸ்திரிச் சூட்டில் ஜரிகை ஓர் இடத்தில் சுருங்கியிருந்தது. தங்கமாக இருந்தால் சுருங்காது. அதை அவர் பார்த்தாரா என்று தெரியவில்லை.

உட்காரச் சொல்லி டீ போட்டேன். இஞ்சி தட்டிப் போட்டேன். அவர் மெதுவாகப் பேசினார், டீச்சர் பேச்சு. ஒவ்வொரு வார்த்தையும் எனக்குப் புரிந்தது. புரிந்ததை அப்படியே எழுதுகிறேன்.

"மிஸ்டர் சோலை, நான் எந்தப் பக்கம் ஓட்டுப் போடுவேன் என்று நீங்கள் என்னைக் கேட்கவே இல்லை."

"நீங்கள் டீச்சர்" என்றேன்.

"அதனால்தான். மூன்றாம் வகுப்பையும் நான்காம் வகுப்பையும் ஒரே அறையில் வைத்துக்கொண்டு எத்தனை வருஷம் ஓட்டினேன் தெரியுமா? ஒரு பக்கம் பார்க்கும்போது இன்னொரு பக்கம் முதுகு காட்டினேன். நான் முதுகு காட்டிய பிள்ளைகள் இப்போது அந்தக் காபிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். நான் மூடச் சொல்லித்தான் ஓட்டுப் போடுவதாக இருந்தேன்."

டீயைக் குடித்தார். நன்றாக இருக்கிறது என்றார்.

"அது தோற்றால் தோற்கட்டும். ஆனால் புதன்கிழமை சீட்டாட்டத்துக்குப் போய் மூன்று வாரம் ஆகிறது. நான் உள்ளே போனால் பேச்சு நிற்கிறது. இந்த ஊரில் நான் ஒரு பென்சில்கூட யாரிடமும் வாங்கினதில்லை."

போகும்போது பையைக் கதவோரம் வைத்துவிட்டுப் போனார். புருஷன் இறந்த பிறகு தனியாகத்தான் இருக்கிறாராம். கார் வரைக்கும் கைபிடித்துக் கூட்டிப் போனேன். பனி வழுக்கும். எனக்கு வழுக்காது.

பிப்ரவரி 20, வெள்ளி

அரசி வேலைக்குக் கிளம்புமுன் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரில் உட்கார்ந்தாள்.

"மாமா, அந்தத் துணி என்ன வெலைன்னு எனக்குத் தெரியும். பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில கட்டுக் கட்டா அடுக்கி வச்சிருப்பான். நான் வக்கீல்கிட்டச் சொல்லியிருக்கலாம். சொல்லல."

"ஏன் சொல்லல?"

"உங்கள ஊருக்கு முன்னால பொய்யர்னு நான் சொல்றதா? அதுவும் எனக்கு ஆதாயம் இருக்கிற விஷயத்துல." பையை எடுத்துத் தோளில் மாட்டினாள். "சொன்னா நீங்க சொல்லுங்க. சொல்லாட்டிப் பரவாயில்ல. ஸ்கூல் இருந்தா நாம இங்கயே இருப்போம், அந்த ஆறு மாசத்துக்கு எழுதிப் போடுவோம். நான் ஒண்ணும் நெனச்சுக்க மாட்டேன்."

"கிரெக்?" என்றேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை.

கதவுக்குப் போன அரசி திரும்பினாள். "உங்களுக்குத் தெரியும்னு எனக்குத் தெரியாது மாமா" என்றாள்.

"சிங்க் ரிப்பேர்னு நெனச்சேன்" என்றேன். அவள் சிரித்தாள். கதவை மூடிய பிறகும் படியில் சிரிப்பது கேட்டது. எனக்கு எப்போதோ தெரியும். உலகம் பார்த்தவன் நான்.

பிப்ரவரி 26, வியாழன்

காபிக் கடைக்குப் போகவில்லை. வயிறு சரியில்லை.

மார்ச் 3, செவ்வாய்

மகனுக்கு நானே பேசினேன். மீட்டிங்கில் இருக்கிறானாம். மருமகள் நன்றாகப் பேசினாள். "அங்கேயே இன்னும் கொஞ்ச நாள் இருக்க முடியாதா மாமா? இங்க மாடி ரூமை வாடகைக்கு விட்டுட்டோம்" என்றாள். என் உடம்புக்கு அமெரிக்கக் காற்று ஒத்துக்கொள்கிறது என்பதில் அவளுக்கு எவ்வளவு அக்கறை.

மார்ச் 9, திங்கள்

கூட்டம் நடந்தது. பேசினேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று எழுத உட்கார்ந்தும் கை ஓடவில்லை. இன்று எழுதுகிறேன்.

அரங்கம் நிரம்பி வழிந்தது. ஆயிரம் பேர் இருப்பார்கள். ஊர் ஜனத்தொகையே அறுநூறு என்று ஓவியா சொல்கிறாள், வெளியூர்க்காரர்கள் வந்திருக்கலாம். என் பெயரைக் கூப்பிட்டார்கள். முப்பது வருஷம் எத்தனையோ மைக்கைத் தூக்கி வைத்து, ஹலோ ஹலோ சொல்லி, விலகி நின்றிருக்கிறேன். ஹலோவுக்குப் பிறகு அதன் முன்னால் நின்றதில்லை. நின்று பார்த்தால் உயரம் வேறு மாதிரி இருக்கிறது.

இங்கிலீஷில் பேசினேன். பொன்னாடையைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். சொன்னது இது:

"இது தங்கம் இல்லை. நைலான். யாரும் ஒரு வருஷம் நெய்யவில்லை, மிஷின் நெய்தது. எங்கள் ஊரில் ஒரு கூட்டம் நடந்தால் தலைவருக்கு நூறு பேர் போர்த்துவார்கள். தலைவர் எல்லாவற்றையும் மேடையிலேயே போட்டுவிட்டுக் காரில் ஏறிவிடுவார். கூட்டம் கலைந்த பிறகு வயர் சுருட்டுகிறவன் அதைப் பொறுக்கிக் கடையில் கொடுப்பான். கடைக்காரன் மடித்து மறுபடி விற்பான். இந்தத் துணி இருபது தோளாவது பார்த்திருக்கும். நான் வயர் சுருட்டுகிறவன். இதற்கு நான் ஒரு பைசா கொடுக்கவில்லை. மிஸஸ் ஹால்வர்சன் என்னிடம் இதைக் கேட்கவில்லை. வேண்டாம் என்று சொல்ல நான் அவருக்கு நேரம் கொடுக்கவில்லை. பேப்பரில் சொன்னது எல்லாம் நான் அடித்துவிட்டது."

முதலில் யாரோ சிரித்தார்கள். பிறகு நிறையப் பேர். பிறகு என்ன நடக்கப் போகிறது என்று புரிந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. மூன்று நிமிஷத்தில் எனக்கு ஒன்றரை நிமிஷம் மிச்சம். மணி அடிக்கும்வரை அப்படியே நின்றேன். போகலாம் என்று யாரும் சொல்லவில்லை.

முதலாளியானாலும் வயரைத் தானே சுருட்டினால்தான் வயர் நிலைக்கும். அதனால்தான் அப்படிச் சொன்னேன். இதை இங்கே குறித்து வைக்கிறேன்.

நான் இறங்கியதும் கைதட்டல் அரங்கத்தை அதிரவைத்தது. (ஓவியா தட்டினாள்.)

வக்கீல் துணியை விரலால் தேய்த்துப் பார்த்தார். தடை இல்லை என்றார். ஓட்டெடுப்பு. டோரதியம்மா மூன்றாவது கையைத் தூக்கினார். மூடு, மூன்று. மூடாதே, இரண்டு. மே மாதத்தோடு வில்மாண்ட் பள்ளிக்கூடம் கிடையாது. பின் வரிசையில் ஒரு பெண் அழுதாள். டிராக்டர் பெரியவர் என்னைத் தாண்டிப் போகும்போது தொப்பியைத் தொடவில்லை.

டோரதியம்மா கோட்டு போட்டுக்கொண்டு என் பக்கத்தில் வந்தார். "புதன்கிழமை சீட்டாட வருகிறீர்களா?" என்று கேட்டார். எனக்கு இங்குள்ள ஆட்டம் எல்லாம் அத்துபடி என்றேன். பார்த்ததுகூட இல்லை.

இன்று காலை அரசி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு நின்றாள்.

"ஏன் மாமா சொன்னீங்க? வாயைத் தொறக்காம இருந்திருந்தா எல்லாம் உங்க பக்கம்தான்."

"மூணு நிமிஷம் குடுக்கிறான். மைக்கு வேற சும்மா நிக்குது. விட்டுற முடியுமா தாயி?"

அவள் என் தலையில் கை வைத்துவிட்டு உள்ளே போனாள். எழுபதை நெருங்குகிறவன் தலையில் யாரும் கை வைப்பதில்லை.

மார்ச் 11, புதன்

சீட்டாட்டத்துக்குப் போனேன். தோற்றேன். எல்லோரையும் ஜெயிக்க விட்டேன் என்று சொல்வதுதான் சரி. டோரதியம்மா உள்ளே வந்தபோது பேச்சு நிற்கவில்லை. நான் வந்தபோதுதான் நின்றது. பிறகு யாரோ நாற்காலியை நகர்த்திக் கொடுத்தார்கள்.

மார்ச் 16, திங்கள்

டிக்கெட்டை மாற்ற வேண்டாம் என்று நானே சொல்லிவிட்டேன். அரசி "அடுத்த வருஷம் வாங்க மாமா" என்றாள். "கண்டிப்பா" என்றேன்.

மார்ச் 21, சனி

ஹேஸ்டன் பள்ளிக்கூடத்தைக் குடும்பத்தோடு வந்து பார்க்கச் சொல்லியிருந்தார்கள். கிரெக் வண்டியில் நாலு பேரும் போனோம்.

பிரம்மாண்டமான கட்டடம். மதுரை ரயில்வே ஸ்டேஷன் இதற்குள் அடங்கிவிடும். எங்கள் ஒரு நடைக்கு ஓவியா இரண்டு நடை போட்டாள். ஓர் அறையில் வரிசையாக வயலின். ஒரு டீச்சர் அவள் தோளில் ஒன்றை வைத்து வில்லைக் கையில் கொடுத்தார். கிறீச்சென்று ஒரு சத்தம். பக்கத்தில் நின்ற பெண்பிள்ளை காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், ஓவியாவும் சிரித்தாள். இரண்டும் சேர்ந்து மறுபடி கிறீச்சிட்டன. அதற்குப் பிறகு எங்களை அவள் திரும்பிப் பார்க்கவில்லை. எப்படியும் அரை மணி நேரம்.

வாசலில் குடும்பங்களைப் படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள். அரசி, கிரெக், நடுவில் ஓவியா. போட்டோக்காரர் என்னைப் பார்த்து, நீங்களும் சேர்ந்தவரா என்று கேட்டார். ஓவியா, "அவர் எங்க மாமா. விசிட்டிங்" என்றாள். சரியாகத்தான் சொன்னாள். கோட்டோடு நின்றால் படம் நன்றாக இருக்காது என்று மூன்று பேர் கோட்டையும் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அரசி "வாங்க மாமா, நீங்களும்" என்று கையை நீட்டினாள். "கோட்டு கீழ விழுந்துரும்" என்றேன்.

திரும்பும்போது பின் சீட்டில் ஓவியா என் மேல் சாய்ந்து தூங்கிவிட்டாள். நானும் கண்ணை மூடிக்கொண்டேன். இரண்டு பக்கமும் சோளக் காடு, அறுத்த கட்டை மட்டும். பார்க்க ஒன்றும் இல்லை.

கிரெக் மெதுவாகப் பேசினார். ஹேஸ்டனில் அவர்கள் குடிபோகப் பார்த்திருக்கும் வீட்டில் கார் ஷெட்டுக்கு மேலே ஓர் அறை இருக்கிறதாம். உங்கள் மாமாவுக்கு அதைச் சரிசெய்யலாமே என்றார்.

அரசி இங்கிலீஷில் சொன்னாள். "நாள் முழுக்க அவர் அங்கே தனியாக இருப்பார் கிரெக். நான் வேலையில், நீ வேலையில், ஓவி ஸ்கூலில். அந்த வீட்டுப் பக்கம் நடந்து போக ஒரு கடை கிடையாது. நான் வீட்டுக்கு வரும்போது அந்த ஜன்னலில் அவர் நிற்பதை என்னால் பார்க்க முடியாது. ஊரில் அவருக்கு மகன் இருக்கிறான். அங்கே அவர் ராஜா மாதிரி இருப்பார்."

"அப்படியா?" என்றார் கிரெக்.

"அப்படித்தான் சொல்கிறார்" என்றாள் அரசி.

எனக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும் என்று எல்லோரிடமும் சொல்லி வந்திருக்கிறேன். அது எவ்வளவு உண்மை என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. ஒரு வார்த்தைகூடத் தப்பவில்லை.

வீடு வரும்வரை கண்ணைத் திறக்கவில்லை. கொஞ்சம் குறட்டையும் விட்டேன், அவர்கள் தாராளமாகப் பேசட்டும் என்று. வண்டி நின்றதும் அரசி என் தோளைத் தொட்டு எழுப்பினாள்.

"நல்ல தூக்கமா மாமா?"

"ஆமா தாயி" என்றேன். "ஊர் வந்ததே தெரியல."